பிளேக் காலத்துப் புனாவும் நான்கு பிரிவுச் சட்டமும்

பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி, தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. கீழே மூட்டைகள், மேலே மாடி மாடியாகக் குடும்பங்கள். 1896-ஆம் ஆண்டு அந்தக் கிடங்குகளில் எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. அங்கே வைத்தியம் பார்த்துவந்த கோவாக்காரர் டாக்டர் அகாசியோ வியேகாஸ், கடுங்காய்ச்சலோடு தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறிகட்டிக் கிடந்த நோயாளிகளை அடுத்தடுத்துப் பார்த்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி மாநகராட்சி நிலைக்குழுவில் எழுந்து, இது பிளேக் என்று சொல்லிவிட்டார். அதிகாரிகளுக்கு அந்தப் பெயரை உச்சரிக்கவே தயக்கம். துறைமுக நகரத்துக்கு பிளேக் என்று பெயர் வந்துவிட்டால் கப்பல் வராது, பருத்தி ஏற்றுமதி நிற்கும். சந்தேகத்துக்குரிய ஒருவகைக் காய்ச்சல் என்று சொல்லிக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தார்கள். நோய் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

நான் கொங்கு நாட்டில் ஒரு நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலராவுக்குக் குளோரின் போட்டதும், டெங்குவுக்கு வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்ததும், கடைசியில் கொரோனாவும் என் காலத்தில் வந்தவை. கொரோனா நாட்களில் நான் ஒட்டிய ஒவ்வொரு அறிவிப்பின் தலைப்பிலும் 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் என்று அச்சிட்டிருந்தது. நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு சட்டத்தின் பெயரால்தான் நான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறேன் என்பது அப்போதே மனத்தில் தைத்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சட்டம் பிறந்த கதையைத் தேடித் தேடிப் படித்தேன். கதை பம்பாயில் தொடங்கிப் புனாவில் ரத்தத்தில் போய் நிற்கிறது. மக்களுடைய எண்ணத்தைக் காதில் வாங்காத ஓர் அரசு, நல்ல காரியத்தைச் செய்யப்போயும் எப்படித் தோற்றது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் வரலாறு நம் நாட்டில் வேறில்லை என்பது என் எண்ணம்.

அக்டோபர் 6-ஆம் தேதி பம்பாய் மாநகராட்சி ஆணையர் ஸ்னோ ஓர் உத்தரவு போட்டார். நோய் கண்டவரை, அவரோ குடும்பத்தாரோ சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும், ஆர்தர் ரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். வீட்டைத் திறந்து மருந்தடிக்கலாம், பாயையும் துணியையும் எரிக்கலாம். ஊர் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் பிணமாகத்தான் திரும்புவார் என்ற பேச்சு சந்து சந்தாகப் போயிற்று. நோய் முற்றிய நிலையில் கொண்டுபோனால் யார்தான் பிழைப்பார்கள்? ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், வண்டியில் ஏற்றிய ஆள் வரவில்லை என்பதுதான். அந்தச் சமயத்தில் விக்டோரியா மகாராணியின் சிலைக்கு யாரோ தார் பூசியிருந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பழியாக மகாராணி பம்பாய் மக்களின் ஈரல் 500 கேட்டிருக்கிறாள், அதற்காகத்தான் ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றும் ஒரு வதந்தி பரவியது.

இதைப் படிக்கிறவர்களுக்கு, படிப்பறிவில்லாத ஜனங்கள் உளறியது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசு தங்களிடம் எதற்கு வருகிறது என்று விளக்கிச் சொல்ல யாரும் இல்லாத இடத்தில், மக்கள் தங்களுக்குத் தெரிந்த அரசைக் கொண்டு ஒரு விளக்கத்தைத் தாங்களே செய்துகொள்வார்கள். தண்டிக்கிற அரசைத்தான் அவர்கள் பார்த்திருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரியும் தண்டனையாகத்தான் தெரிந்தது.

அக்டோபர் 29-ஆம் தேதி ஆயிரம் பேர் அளவில் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். மாநகராட்சி தன் உத்தரவைத் தளர்த்தியது. தளர்த்தியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது என் போன்ற சுகாதாரத் துறைக்காரனுக்கு நன்றாகப் புரியும். பம்பாயின் மலக்கழிவை அள்ளியவர்கள் ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். ஊரே பயந்து கிளம்பிக்கொண்டிருந்தது. இவர்களும் கிளம்பிவிட்டால் இரண்டு மூன்று நாளில் அந்த நகரத்தில் மனிதர் வாழ முடியாது. ஸ்னோவே அதை உணர்ந்திருந்தார். ஆளுநர், ஆணையர், மருத்துவ அதிகாரி எல்லாரும் இருந்த நகரத்தில், கடைசியாக நிலைமையைத் தீர்மானித்தது மலம் அள்ளுகிறவர்களின் மனநிலை. அவர்களுடைய கருத்தை எந்தப் பத்திரிகையும் கேட்டு எழுதவில்லை. ஆனால் அவர்கள் மூட்டை கட்டுவார்களோ என்ற பயத்தில் ஓர் அரசாணை மாறியது.

1897 பிப்ரவரிக்குள் பம்பாயின் ஏறத்தாழப் பாதி ஜனம் ஊரைவிட்டுப் போயிருந்தது. ரயிலிலும் படகிலும் நடந்தும் போனார்கள். அவர்களோடு நோயும் போனது.

அடுத்த நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் வெனிஸ் நகரில் கூடி, இந்தியாவிலிருந்து பிளேக் தங்கள் கரைக்கு வராமல் தடுப்பது எப்படி என்று பேசத் தயாராகிக்கொண்டிருந்தன. இந்தியச் சரக்குகளுக்குத் தடை வரும் என்ற அச்சம் கல்கத்தாவிலும் லண்டனிலும் பெரிதாக இருந்தது. ஏதாவது செய்கிறோம் என்று உலகத்துக்குக் காட்டியாக வேண்டும். ஜனவரி 28-ஆம் தேதி வைஸ்ராய் எல்கின் பிரபுவின் சட்ட மன்றத்தில் ஜான் உட்பர்ன் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 4-ஆம் தேதி அது சட்டமாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு வாரம்.

அந்தச் சட்டத்தில் இருந்தவை நான்கே பிரிவுகள். முதற்பிரிவு பெயரும் எல்லையும். இரண்டாவது, ஆபத்தான தொற்றுநோய் பரவும்போது இருக்கிற சட்டங்கள் போதாது என்று அரசு நினைத்தால், தேவை என்று படுகிற எந்த ஒழுங்குமுறையையும் அறிவிப்பு மூலம் விதிக்கலாம் என்றது. ரயில் பயணிகளைச் சோதிக்கலாம், நோய் இருப்பதாகச் சந்தேகப்படுகிறவர்களைப் பிரித்து வைக்கலாம். மூன்றாவது, மீறினால் தண்டனை. நான்காவது, இந்தச் சட்டத்தின் கீழ் நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் யார்மீதும் வழக்குப் போட முடியாது. நோயாளிக்கு என்ன சிகிச்சை, எரித்த பொருளுக்கு ஈடு பெற உரிமை உண்டா, தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது என்று ஒரு வரியும் கிடையாது. குடிமகன் அந்தச் சட்டத்தில் வருவது இரண்டே இடங்களில்தான். சோதிக்கப்படும்போது ஒருமுறை, தண்டிக்கப்படும்போது ஒருமுறை.

சட்டம் கைக்கு வந்ததும் பம்பாய் ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு, பம்பாய்க்கு பிரிகேடியர் ஜெனரல் கேட்டக்ரே தலைமையில் ஒரு குழுவைப் போட்டார். புனாவுக்கு வால்டர் சார்லஸ் ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை பிளேக் கமிட்டித் தலைவராக அனுப்பினார். சதாராவில் உதவிக் கலெக்டராக இருந்தபோதே ராண்ட் கண்டிப்புக்குப் பேர்போனவர். பிப்ரவரி நடுவில் பொறுப்பேற்றார். உள்ளூர் ஆட்களை நம்பினால் நோயாளிகளை மறைத்துவிடுவார்கள் என்று அவர் முடிவுகட்டினார். அதனால் வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கேட்டு வாங்கினார். சுமார் 900 பேர் இதற்கென்று இறக்கப்பட்டார்கள்.

மார்ச் நடுவிலிருந்து மே வரை புனாவின் பேட்டைகளில் நடந்தது இதுதான். விடிகிற நேரத்தில் ஒரு தெருவின் இரு முனையையும் அடைப்பார்கள். பிறகு வீடு வீடாகச் சோதனை. பூட்ஸ் காலோடு சமையற்கட்டுக்குள் போனார்கள், பூஜை அறைக்குள் போனார்கள். நெறிகட்டியிருக்கிறதா என்று பார்க்க அக்குளையும் தொடை இடுக்கையும் காட்டச் சொன்னார்கள். பெண்களையும் வெளியே வரச்சொல்லி நிறுத்தினார்கள். சந்தேகப்பட்டவரை வண்டியில் ஏற்றினார்கள், கூட இருந்தவர்களைத் தனி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் கிடந்த சாமான்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். தரையைக் கொத்தினார்கள். வெளிச்சம் வரட்டும் என்று கூரையைப் பிரித்தார்கள். எதையும் திருடக் கூடாது, மரியாதையாக நடக்க வேண்டும் என்று சிப்பாய்களுக்கு உத்தரவு இருந்தது உண்மை. மராத்தியில் ஒரு வார்த்தை தெரியாத ஒருவன் துப்பாக்கியோடு அடுப்படியில் நிற்கும்போது, அவன் சட்டைப்பையில் என்ன உத்தரவு இருக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

இந்த அத்துமீறல்களை, புனாவில் கேசரி பத்திரிகை நடத்திவந்த திலகரும் அவருடைய ஆட்களும் ஊதிப் பெருக்கினார்கள் என்பது அரசு தரப்பின் வாதம். அதற்குப் பதில் சொல்ல ஒருவர் பெயர் போதும். பண்டித ரமாபாய். கிறிஸ்தவத்துக்கு மாறியவர், கைவிடப்பட்ட விதவைகளுக்கு இல்லம் நடத்தியவர், திலகரின் கேசரி பத்திரிகையில் கடுமையாகத் தாக்கப்பட்டவர். திலகருக்கு உதவி செய்ய அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. தம் இல்லத்துப் பெண் ஒருத்தியை பிளேக் மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகு நேர்ந்ததைச் சொல்லி, அங்கே பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்று 1897 மே மாதம் பம்பாய் கார்டியன் இதழுக்குக் கடிதம் எழுதினார். ஆளுநர் அதை முழுக்கத் தவறான செய்தி என்று ஒதுக்கினார். நாத்து சகோதரர்கள் என்ற புனா சர்தார்கள், சிப்பாய்களின் நடத்தைபற்றி அதிகாரிகளிடம் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பின்னால் அவர்களை 1827-ஆம் ஆண்டின் பழைய ஒழுங்குமுறை ஒன்றின் கீழ், விசாரணையே இல்லாமல் பிடித்து அடைத்து வைத்தார்கள். ரமாபாயும் நாத்து சகோதரர்களும் எதிரெதிர் முகாம்கள். இரண்டு முகாமும் ஒரே புகாரைச் சொன்னது. அந்த ஒரு விஷயம் போதும் எனக்கு.

திலகரைப்பற்றியும் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் சோதனையே கூடாது என்று சொன்னவரல்ல. நோயாளியைப் பிரித்து வைப்பதும் வீட்டைச் சுத்தம் செய்வதும் தேவை என்றுதான் முதலில் எழுதினார். நோய்க்குப் பயந்து ஊரைக் காலிசெய்த படித்த பெரிய மனிதர்களைக் கண்டித்தார். தாம் புனாவிலேயே இருந்தார். இந்துக்களுக்கென்று ஒரு பிளேக் மருத்துவமனை ஏற்படுத்துவதில் முன்னின்றார், முகாம்களுக்குப் போய்ப் பார்த்தார். வாரங்கள் போகப் போக, சிப்பாய்களின் நடத்தையைப் பார்த்துத்தான் கேசரியின் குரல் கடுமையானது. எடுத்த எடுப்பிலேயே எதிர்த்த ஒருவரை அரசு இழக்கவில்லை. ஆரம்பத்தில் கூட நின்ற ஒருவரைத்தான் இழந்தது.

ராண்டின் சிப்பாய்கள் தெருவில் இறங்குவதற்குச் சில நாள் முன்னால், அதே புனாவில் இன்னொரு மரணம் நடந்தது. சாவித்ரிபாய் புலே. அப்போது அவருக்கு வயது 66. கணவர் ஜோதிராவ் காலமாகி ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவரான வளர்ப்பு மகன் யஷ்வந்த், ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம் ஒரு வயல்வெளியில் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் போட்டிருந்தார். முண்ட்வாவில் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டிருக்கிறது என்று கேள்விப்பட்ட சாவித்ரிபாய், தாமே போய் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு அந்த நிலையத்துக்கு வந்தார். அவருக்கும் நோய் தொற்றியது. மார்ச் 10-ஆம் தேதி இறந்தார்.

ராண்ட் செய்ய நினைத்ததும் அதே வேலைதான். நோயாளியை வீட்டிலிருந்து சிகிச்சை இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவருக்கு 900 சிப்பாயும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன, அப்படியும் மக்கள் நோயாளிகளை அலமாரிக்குப் பின்னாலும் தானியக் குதிருக்குள்ளும் ஒளித்தார்கள். சாவித்ரிபாயிடம் யாரும் பிள்ளையை ஒளிக்கவில்லை. அரை நூற்றாண்டாக அதே தெருக்களில், கல்லையும் சாணத்தையும் வாங்கிக்கொண்டு, அந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர் அவர். கொள்ளைநோய்க் காலத்தில் தலைமை என்று எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். அவர் எந்தப் பதவியிலும் இருக்கவில்லை.

1897 ஜூன் 22. விக்டோரியா பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைவை நாடெங்கும் கொண்டாடினார்கள். புனாவில் கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையில் விருந்து, வாணவேடிக்கை. வீடுகளை இழந்து முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் நிறைந்த ஊரில் அந்த வெளிச்சம் எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு விருந்து முடிந்து வண்டியில் திரும்பிய ராண்டைச் சுட்டார்கள். அடுத்த வண்டியில் வந்த லெப்டினன்ட் அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். சுட்டவர்கள் சாபேகர் சகோதரர்கள். தாமோதர், பாலகிருஷ்ணா, வாசுதேவ் மூவருமே பின்னர் தூக்கிலிடப்பட்டார்கள். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. அயர்ஸ்டுக்கும் பிளேக் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் முறையிட ஒரு கதவும் இல்லாமல் அடைத்துவிட்ட ஊரில் துப்பாக்கி பேசியது என்பதை எந்த வரலாற்றாசிரியரும் மறுக்க முடியாது.

அரசு அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஜூலை 27-ஆம் தேதி திலகரைக் கைது செய்தார்கள். கேசரியில் சிவாஜி விழாவையொட்டி வந்த எழுத்துக்கள் ராஜதுரோகம் என்று வழக்கு. ஒன்பது ஜூரிகளில் வெள்ளைக்காரர் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், இந்தியர் மூன்று பேர் இல்லை என்றார்கள். 18 மாதச் சிறை. மறு ஆண்டே ராஜதுரோகப் பிரிவு 124ஏ இன்னும் அகலமாக்கப்பட்டது. ஒரு நோயைக் கட்டுப்படுத்த ஆரம்பித்த வேலை, எழுத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் வந்து முடிந்தது. அப்போது லண்டனில் இருந்த காங்கிரஸ் தலைவர் கோகலே, புனாவிலிருந்து வந்த கடிதங்களை நம்பி, சிப்பாய்கள் பெண்களைக் கெடுத்தார்கள் என்று அங்கே பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு வீட்டில் உட்காரவில்லை. மறுபடி நோய் வந்தபோது புனாவில் பிளேக் தொண்டராக இறங்கி வேலை செய்தார். கோகலேயின் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தப் பகுதிதான்.

மே மாதத்தில் புனாவில் சாவு குறைந்தது. தேடுதலால் குறைந்தது என்று கமிட்டி நம்பியது. வெயில் ஏறினால் தெள்ளுப்பூச்சி பெருகாது, தக்காணத்தில் கோடையில் பிளேக் தானாகவே தணியும். அந்த உண்மை அப்போது யாருக்கும் தெரியாது. மழைக்குப் பின் நோய் திரும்பி வந்தது, முன்னைவிடக் கடுமையாக. யெர்சின் 1894-லேயே ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் நோய் மனிதனுக்கு வருகிறது என்று பிரெஞ்சு மருத்துவர் சிமோன் கராச்சியில் சோதனை செய்து பார்த்தது 1898-இல். அதையும் உடனே யாரும் ஏற்கவில்லை. ஆக, ராண்ட் தரையைக் கொத்தியதும் துணியை எரித்ததும் கார்பாலிக் அமிலம் தெளித்ததும் பெரும்பாலும் வீண். குமாவோன் மலைக் கிராமத்தார், வீட்டில் எலி செத்தால் ஊரையே காலிசெய்துவிட்டுக் காட்டில் போய்த் தங்கும் வழக்கத்தைப் பல காலமாக வைத்திருந்தார்கள். அரசு ஆவணங்களிலேயே அது எழுதப்பட்டிருந்தது. பம்பாய்க்காரர்கள் வீட்டைவிட்டு ஓடியதை அதிகாரிகள் மூடப் பயம் என்றார்கள். எலி செத்த வீட்டைவிட்டு வெளியேறுவதுதான் அன்றைக்கு இருந்த வழிகளில் ஓரளவு பலன் தந்த வழி.

பம்பாயில் 1898 மார்ச் 9-ஆம் தேதி இன்னொரு கலவரம். மதன்புராவில் ஜுலாஹா நெசவாளர் குடும்பம் ஒன்றில் காய்ச்சலாகக் கிடந்த சிறுமியைச் சோதிக்க வந்தார்கள். ஆண் ஒருவர் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று வீட்டார் தடுத்தார்கள். கூட்டம் சேர்ந்தது, கல் பறந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, இரு பக்கமும் உயிர் போனது. அதற்குப் பிறகுதான் அரசு மெல்ல இறங்கி வந்தது. ஒவ்வொரு சமூகத்தாரும் தங்களுக்கென்று மருத்துவமனை வைத்துக்கொள்ள விட்டார்கள். பெண்களைப் பெண்களே பார்த்தார்கள். வைத்தியர்களும் ஹக்கீம்களும் பிளேக் வேலையில் சேர்க்கப்பட்டார்கள். கட்டாயம் குறையக் குறைய, மக்கள் தாங்களாகவே நோயைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தடுப்பூசிக்கும் இதே கதைதான். ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர் வால்டெமார் ஹாஃப்கின், பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறையில் பிளேக் தடுப்பூசியைத் தயாரித்தார். 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதைத் தமக்கே போட்டுக்கொண்டார். அரசு சொல்லி அதிகம் பேர் வந்து கை நீட்டவில்லை. கோஜா சமூகத்தின் தலைவர் மூன்றாம் ஆகா கானுக்கு அப்போது 19 வயது. அவர் தம் மக்கள் பார்க்கும்படி ஊசி போட்டுக்கொண்டார், ஹாஃப்கினின் வேலைக்குத் தம் கட்டடத்தையும் கொடுத்தார். ஆயிரக்கணக்கான கோஜாக்கள் பின்னால் வந்தார்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பிளேக் மைசூர் சமஸ்தானத்துக்குள் 1898-இல் வந்தபோது, சென்னை மாகாணம் பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நோய் உள்ள பகுதியிலிருந்து வருகிறவர் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாளைக்கு அதிகாரியிடம் ஆஜராக வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஜி. கிங் இதைப் பெரிதும் ஆதரித்தார். அவர் பெயரைத் தாங்கிய கிண்டி கிங் நிலையத்தில்தான் 2020-இல் கொரோனா மருத்துவமனை திறந்தது. அந்த ஆண்டு இ-பாஸ் கேட்டு இரவெல்லாம் செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும், அதற்கு முன்னோடி 1898-லேயே இருந்தது என்று தெரிந்திருக்காது. பிளேக் கோயம்புத்தூருக்கும் வந்தது. அந்தப் பயத்தின் நினைவாக பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் பிளேக்கில் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

2020 மார்ச்சில் தமிழக அரசு கொரோனாவுக்கான ஒழுங்குமுறைகளை அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் அறிவித்தது. எங்கள் நகராட்சியில் நோய் கண்ட வீட்டுக்கதவில் ஸ்டிக்கர் ஒட்டினோம். சில தெருக்களுக்குத் தகரம் அடித்தோம். ஒரு வீட்டில் பேத்தியோடு தனியாக இருந்த பாட்டி, நான் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "ஏனுங்க சார், இதை எப்பங்க எடுப்பீங்க? பால்காரனும் வரமாட்டேங்கறான். நான் யார்கிட்டங்க போய்க் கேக்கறது?" என்னிடம் இருந்த தாளில் நோயாளியின் பெயர், வார்டு, தேதி எழுதக் கட்டம் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் எழுத இடம் இல்லை. என் செல்போன் எண்ணை அவருடைய காலண்டரில் எழுதிக் கொடுத்தேன். அதே தெருவில் பல வீடுகள் கதவையே திறக்கவில்லை. எங்கள் வார்டில் குப்பை அள்ளும் அக்கா ஒருவர் இருந்தார். பதினைந்து வருடமாக அந்தத் தெருவுக்கு வருகிறவர். "கண்ணு, நாந்தான் வந்திருக்கறேன், கதவைத் தொறங்க, ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்று அவர் குரல் கொடுத்தால் திறந்தது. காய்ச்சல் யாருக்கு, இருமல் யாருக்கு என்று அவரிடம் சொன்னார்கள், என்னிடம் சொல்லவில்லை. அவருக்கு நிரந்தர வேலையும் இல்லை, அந்த நாட்களில் சரியான முகக்கவசமும் இல்லை.

பொதுமக்கள் எண்ணம் எப்போதும் சரியாகவே இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. சென்னையில் அந்த ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. நாடெங்கும் இப்படி நடந்ததால், மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 7 ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு அந்தப் பழைய சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. அது வேண்டிய திருத்தம்தான். களத்தில் நின்றவன் என்ற முறையில் அந்தப் பாதுகாப்பை நான் மதிக்கிறேன். நான்காம் பிரிவின் பாதுகாப்பும் ஓரளவு வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஊழியரும் எந்த முடிவும் எடுக்கப் பயப்படுவார். ஆனால் ஊழியருக்குக் கவசம் கொடுத்த சட்டம், கதவுக்கு உள்ளே இருக்கிறவருக்கும் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். 1897-இல் கொடுக்கவில்லை, 2020-லும் கொடுக்கவில்லை.

அந்தச் சட்டம் காலத்துக்கு ஒவ்வாதது, விரிவாகத் திருத்த வேண்டும் அல்லது புதிதாக எழுத வேண்டும் என்று 22-ஆவது சட்ட ஆணையம் தன் 286-ஆவது அறிக்கையில் 2024-இல் பரிந்துரைத்திருக்கிறது. நம் மாகாணம் 1939-லேயே தனக்கென்று ஒரு பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம். அந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. புதுச் சட்டத்தின் வரைவு வரும்போது சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வாசகர்கள் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அடைத்த வீட்டுக்காரர் முறையிட, அந்த ஊரிலேயே, அன்றைக்கே பதில் சொல்லக்கூடிய ஓர் ஆள் சட்டத்தில் பெயர் குறிப்பிட்டு இருக்க வேண்டும். வேலையும் பொருளும் போனவருக்கு ஈடு கொடுப்பது சலுகையாக இல்லாமல் உரிமையாக இருக்க வேண்டும். வார்டு அளவிலான குழுவில் அந்தத் தெருவைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளருக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும், சம்பளத்தோடு.